பேராக்கில் வேன் எடுத்துக்கொண்டு பேய் பார்க்கக் கிளம்பும் குடும்பத்துக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். பள்ளி விடுமுறைக்குச் சென்னையிலிருந்து சித்தி குடும்பம் வருகிறது. தங்குவது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில். மொத்தம் பத்துப் பேர். அதில் எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர், நண்டும் சிண்டுமாக நான்கு பிள்ளைகள். வாடகைக்கு ஒரு வேன். இரண்டு நாளில் பேராக்கின் ‘பேய் இடங்களை’ எல்லாம் சுற்ற வேண்டும். இரவில் போனால்தானே சுவாரசியம்? காராக் நெடுஞ்சாலையையும் சேர்க்கலாமா? எதை நம்புவது, எதற்குப் பயப்படுவது?

நான் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இருபது வருடத்துக்கு மேலாக வேன் ஓட்டுகிறேன்: காலையில் பள்ளிப் பிள்ளைகள், வார இறுதியில் கல்யாணம், கருமாதி, தைப்பூசம். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காராக்கை முதலில் முடித்துவிடுவோம். மஞ்சள் வோல்ஸ்வேகன் கதைதான் அங்கே பேர்போனது. முன்னால் ஒரு பழைய மஞ்சள் கார் ஆமை மாதிரி ஊர்ந்து போகும். நீங்கள் பொறுமை இழந்து முந்துவீர்கள். இரண்டு வளைவு தாண்டினால் அதே கார் மறுபடி உங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும். உள்ளே ஆள் இருக்காது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கோலாலம்பூருக்கும் பகாங்குக்கும் இடையில் உள்ள சாலை. சுங்கை சிப்புட்டிலிருந்து போய் வர ஒரு நாள் முழுக்கக் கரையும். அங்கே பார்க்க இருப்பது மலை இறக்கமும் லோரியின் பின்பக்கமும்தான். விடுங்கள்.

இரவுப் பயணமும் வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்குப் பதில் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து புறப்படுங்கள். எங்கள் தோட்டத்துப் பேய்கள் நள்ளிரவு ஆட்கள் இல்லை. அவர்களுக்கு நேரம் காலை நாலரை, ஐந்து மணி. ஏனென்றால் எங்கள் சனங்கள் காட்டுக்குள் தனியாக நின்ற நேரம் அதுதான்.

கித்தா என்கிற ரப்பர் மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் விடியலில்தான் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் ஆவியாகும், அழுத்தம் இறங்கும், வெட்டின கோட்டில் பால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால் பெரட்டு இருட்டிலேயே நடக்கும். பெரட்டு என்றால் ஆள் கணக்கு எடுக்கும் இடம். கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும் ஆளுக்கு ஒரு நிரை, நூற்றுக்கணக்கான மரம். நெற்றியில் கட்டின விளக்கு முன்னால் இருக்கும் பட்டைக்கு மட்டும் வெளிச்சம் கொடுக்கும். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பக்கத்து நிரையில் வெட்டுகிற அக்காவின் வெளிச்சம் மரத்துக்கு மரம் மறைந்து மறைந்து தெரியும். கூப்பிட்டால் பதில் வரும் தூரம்தான், ஆனால் கூப்பிடக் கூடாது. இருட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு ஏதாவது பதில் சொல்லிவிடும் என்பார்கள். மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்ப வேண்டும், பேய்க்கு மூன்றாம் தடவை கூப்பிடத் தெரியாது. என் அம்மா இன்றைக்கும் முதல் குரலுக்குத் திரும்ப மாட்டார். கைபேசியைக் கூட மூன்றாவது மணிக்குத்தான் எடுக்கிறார்.

சென்னைப் பிள்ளைகளுக்கு இதைக் கதையாகச் சொல்வதைவிட, விடியலில் ஒரு கித்தா காட்டு ஓரம் வேனை நிறுத்தி, விளக்கை அணைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். பால் மரக் காடு இப்போது குறைந்துவிட்டது, எங்கே பார்த்தாலும் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைதான். ஆனாலும் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலைப் பக்கம் சிறு தோட்டக்காரர்களின் கித்தா மரங்கள் இன்னும் தென்படும். வெயில் காலமாக இருந்தால் பகலில் கொட்டை வெடிக்கிற சத்தத்தையும் கேட்கலாம். காய் முற்றிக் காய்ந்ததும் பட்டென்று பிளந்து கொட்டைகளை எட்ட வீசும். ஒன்று தகரக் கூரையில் விழுந்தால் யாரோ கல் எறிந்த மாதிரி இருக்கும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ‘கல் எறியும் பேய்’ எத்தனை பேரைத் தூங்க விடாமல் செய்திருக்கிறது தெரியுமா! அந்தக் கொட்டை ஒன்றைச் சிமெண்டுத் தரையில் பத்துத் தடவை தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் வையுங்கள். சுரீர் என்று சுடும். இந்த விளையாட்டை நான் சொல்லிக் கொடுத்ததாகச் சித்தியிடம் சொல்ல வேண்டாம்.

லிந்தாங் சாலையில் இன்னொன்றும் இருக்கிறது. எல்பில் தோட்டம் அந்தப் பக்கம்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி காலை எல்பிலில் ஒரு வெள்ளைக்கார மேலாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில் பின் சூன் தோட்டத்தில் இன்னும் இரண்டு பேர். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்கார அரசு பிறப்பித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. முள்கம்பி, ஊரடங்கு, அரிசிக்குக் கணக்கு, ஆறு மணிக்கு மேல் வெளியே வந்தால் சுடுவார்கள் என்ற பயம். எங்கள் ஊரின் பேய்க்கதைகளில் பாதி அந்தக் காலத்தில் கெட்டிப்பட்டவை என்பது என் கணிப்பு. ‘இருட்டினால் வெளியே போகாதே, முனி அடிக்கும்’ என்று பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பது, ‘பட்டாளத்தான் சுடுவான்’ என்று சொல்வதைவிட எளிது.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில், 1942, 43இல், சயாம் பர்மா ரயில் பாதை போடுவதற்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. போனவர்களில் பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. காலரா, மலேரியா, பட்டினி, அடி. என் பாட்டியின் அண்ணனும் அப்படிப் போனவர். பிணம் வரவில்லை, கடிதம் வரவில்லை, யாரும் வந்து ‘செத்துவிட்டான்’ என்றும் சொல்லவில்லை. அதனால் பாட்டி கருமாதி செய்யச் சம்மதிக்கவில்லை. இருபது, இருபத்தைந்து வருடம் கழித்தும், ராத்திரி நாய் குரைத்தால் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்ப்பாராம். அக்கம்பக்கத்தில் அதைப் ‘பேய் கூப்பிடுது’ என்றார்கள். லயத்தில் காலடிச் சத்தம் கேட்கும், கதவைத் திறந்தால் ஆள் இருக்காது என்ற கதையை எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் எனக்கு இந்தப் பாட்டிதான் ஞாபகம் வருவார்.

இப்போது ஆளில்லாத லயங்கள் வேறு இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ‘பேய் பங்களா’ என்று படம் பிடிக்க இளவட்டங்கள் வருகிறார்கள். அந்த வீடுகள் காலியானதற்குக் காரணம் பேய் இல்லை. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றன. தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் சொல்வது அதுதான். நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தொழிலாளர்களிடம் சிறு சிறு தொகையாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கத்தான். பின்னால் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது, சனங்கள் பட்டணத்துக்குப் போனார்கள். கூரை விழுந்தது. ஒரு லயத்துக்குள் போக நேர்ந்தால் செருப்பைக் கழற்ற வேண்டாம், ஆணியும் பாம்பும் இருக்கும். ஆனால் சாமி மேடை இருந்த மூலையை மிதிக்காமல் வாருங்கள். தோட்டம் தனியார் சொத்து, காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சரி, முதல் நாள் வழி.

விடியலில் லிந்தாங் பக்கம். திரும்பி வந்து சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பசியாறிவிட்டுக் கோலா கங்சாருக்கு விடுங்கள், அரை மணி நேரம் கூட ஆகாது. மாவட்ட அலுவலகத்தின் அருகில் வேலி போட்ட ஒரு கிழட்டுக் கித்தா மரம் நிற்கிறது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளில் ஒன்பதைக் கோலா கங்சாரில் நட்டார்கள். அதில் மிஞ்சிய மரம் என்று காட்டுகிறார்கள். இதில் பேய் எதுவும் இல்லை. ஆனால் சித்தி குடும்பத்தை அங்கே நிறுத்தி, நாம் இந்த நாட்டுக்கு வந்ததற்கு இதுதான் காரணம் என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு அந்த மரத்தைப் பார்த்தால் எந்தப் பேய் பங்களாவையும்விட ஒரு மாதிரி இருக்கும்.

அங்கிருந்து ஈப்போ. சாப்பாட்டை முடித்துவிட்டு லஹாட் வழியாகப் பாப்பானுக்குப் போங்கள். பழைய ஈயச் சுரங்க ஊர். ஒரே தெரு, இரண்டு பக்கமும் கடைவீடுகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. ஆலமர வேர் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ‘பேய் ஊர்’ என்று பேர் வாங்கிவிட்டது. அங்கே 74ஆம் எண் வீட்டைப் பாருங்கள். சிபில் கார்த்திகேசு என்ற தாதி ஜப்பான்காரன் காலத்தில் அந்த வீட்டில் மருந்தகம் நடத்தி, காட்டிலிருந்து இரவில் இறங்கி வந்த கெரில்லாக்களுக்கு வைத்தியம் பார்த்தார். அவர் கணவர் ஈப்போவில் பேர் பெற்ற தமிழ் டாக்டர். சிபில் 1943இல் பிடிபட்டார். சித்திரவதையில் முதுகெலும்பு போனது. யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. போர் முடிந்து சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள்; 1948இல் அங்கேயே இறந்தார், பின்னால் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அந்த வீட்டின் பின்கட்டு இருட்டைப் பார்த்துப் பிள்ளைகள் ‘பேய் இருக்கா’ என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பாப்பான் சனங்கள் நிஜமாகவே நடுங்கியது 1984இல். கதிரியக்கக் கழிவை ஊருக்கு அருகில் கொட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தெருவில் இறங்கிப் போராடித் தடுத்தார்கள்.

அப்புறம் பத்து காஜா. வழியெல்லாம் நீலமும் பச்சையுமாகக் குளங்கள் தெரியும், பார்க்க அழகாக இருக்கும். அவை இயற்கைக் குளங்கள் இல்லை, ஈயம் தோண்டின குழிகள். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் நேராக ஆழம். ‘தண்ணீர்ப் பேய் காலைப் பிடித்து இழுக்கும்’ என்று எங்களை மிரட்டி வைத்தார்கள். இந்த ஒரு பேயை மட்டும் பிள்ளைகள் முழுசாக நம்பட்டும். நீங்களும் மறுத்துப் பேசாதீர்கள். ஈயம் எடுத்த கப்பலையே பார்க்க வேண்டுமென்றால் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கிறது. 1938இல் கட்டியது, 1982இல் ஓய்ந்தது. பெரிய தகரக் கட்டடம் தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கும். நேரம் இருந்தால் போங்கள். பத்து காஜாவில் வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் ஒன்றும் இருக்கிறது. லிந்தாங் பக்கம் சொன்னேனே, 1948இல் சுடப்பட்ட மூன்று பேர், அவர்கள் அங்கேதான் கிடக்கிறார்கள். காலையில் பார்த்த ஊரின் மிச்சக் கதை அங்கே முடிகிறது.

எல்லோரும் கேட்பது கெல்லி மாளிகையைத்தான். மூன்று மணிக்கெல்லாம் அங்கே இருங்கள், மாலையில் மூடிவிடுவார்கள். பத்து காஜாவிலிருந்து கோப்பேங் போகும் சாலையில், ஆற்றைத் தாண்டிய மேட்டில் செங்கல் நிறத்தில் நிற்கும். வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1890இல் இருபது வயதில் மலாயா வந்தார். சாலை போடும் குத்தகையில் காசு பார்த்து, காட்டை வாங்கி, கிந்தா கெல்லாஸ் என்று தோட்டம் போட்டார். 1915இல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். மதராஸிலிருந்து கொத்தனார்களைக் கூட்டி வந்தார், கல்லும் செங்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன என்பார்கள். ஆறு மாடிக் கோபுரம், அதற்கு மின்தூக்கி வைக்கத் திட்டம். இடையில் ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து வேலையாட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று மிஞ்சியவர்கள் துரையிடம் கேட்டார்கள். துரை கட்டிக் கொடுத்தார். 1926இல் ஊருக்குப் போன ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவில் இறந்தார். மனைவி தோட்டத்தை விற்றுவிட்டார். மாளிகை அரைகுறையாக நின்றுபோனது.

உள்ளே வழிகாட்டிகள் சொல்லும் கதைகள் உங்களுக்கே தெரிந்திருக்கும்: மாடி நடையில் ஒரு சிறு பெண், சன்னலோரம் துரை, கோயில் வரைக்கும் போகும் சுரங்கப்பாதை. துரை லிஸ்பனில் செத்தார், குடும்பம் அதன்பின் இங்கே வாழவே இல்லை. கப்பல் ஏறி வந்தா சன்னலில் நிற்கிறார்? எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த இடத்தில் செத்தவர்கள் நம் சனங்கள். சுண்ணாம்பு குழைத்தவர்கள், கல் சுமந்தவர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள். ஆனால் மாளிகைப் பேயாக வருவது துரையும் துரை மகளும். பேயாக வரக்கூட எங்களுக்கு அங்கே இடம் கொடுக்கவில்லை.

அதனால் மாளிகையைப் பார்த்துவிட்டு நேரே வேனில் ஏறிவிடாதீர்கள். பக்கத்தில் அந்த மாரியம்மன் கோயிலைத் தேடிப் போங்கள், ஒன்றரைக் கிலோமீட்டர்தான். மேலே சுதைச் சிற்பங்களுக்கு நடுவில் கண்ணை ஓட்டுங்கள். சாமிகளோடு சாமியாக, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒரு ஆள் நிற்பார். ஸ்மித் துரைதான் அது. நன்றிக்கு வைத்தார்களா, இனிமேலாவது எங்களைப் பார்த்துக்கொள் என்று கட்டி நிறுத்தினார்களா, அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. காவலுக்கு முனியை நிறுத்துகிற சனம், துரையையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டது.

முனி என்றதும் சாலையோரக் கோயில்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். போகும் வழியெல்லாம் மரத்தடியில் முனியாண்டி, முனீஸ்வரர், மதுரை வீரன், சங்கிலிக் கருப்பன் என்று சிறு கோயில்கள் இருக்கும். லோரிக்காரர்கள் ஹார்ன் அடித்துவிட்டுப் போவார்கள், சிலர் இறங்கிச் சுருட்டு கொளுத்தி வைப்பார்கள், பீர் போத்தல் கூட இருக்கும். சென்னைப் பிள்ளைகள் சிரித்தால் அதட்டாதீர்கள், அவர்கள் தாத்தாவின் கிராமத்திலும் இதே ஆள்தான் எல்லையில் நிற்கிறார். ஒன்றே ஒன்று: கோயில் வாசலுக்கு நேராக, குறுக்கே வேனை நிறுத்தாதீர்கள். முனி ஓட்டத்தை மறிக்கக் கூடாது என்பது நம்பிக்கை. நம்பாவிட்டாலும் நல்ல பழக்கம்தான், அந்த வழியில் டிராக்டரும் வரும்.

மலாய்க்காரர் சொல்லும் பொந்தியானாக் கதையும் வழியில் வரும். பிள்ளைப்பேற்றில் செத்த பெண், வெள்ளை உடை, செம்பகப் பூ வாசம். செம்பகம் என்று பல இடங்களில் சொல்வது ஈழத்தலரியை, மலாயில் கெம்போஜா; மலாய்க் கல்லறைகளில் நட்டிருப்பார்கள், வாசத்துக்குக் காரணம் அது. சித்தியிடம் சுமைதாங்கிக் கல்லைப் பற்றிக் கேளுங்கள். ஊர்ப் பக்கம் வயிற்றுப் பிள்ளையோடு செத்த பெண்ணுக்காக வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்கக் கல் நடுவார்கள் இல்லையா? செத்தவள் ஒருத்திதான், இங்கே மரத்தில் ஏறிவிட்டாள், அங்கே கல்லாக நிற்கிறாள்.

இப்போது இரவில் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். இது என் சொந்த அனுபவம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பரிசம் முடிந்து பதினோரு பேரோடு திரும்பிக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் நெரிசல் என்று செம்பனைத் தோட்டத்து உள்சாலையில் இறக்கிவிட்டேன். என் தப்புதான். நடுக்காட்டில் ஒரு பையன் ஒன்றுக்கு வருது என்றான். நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். அவன் ஓடிப்போய் இருந்துவிட்டு வந்தான். ஏறியதும் சாவியைத் திருப்பினால், ஒன்றும் இல்லை. டிக் என்ற சத்தம் கூட இல்லை, விளக்கும் போய்விட்டது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் பையன் இருந்த இடத்துக்கு நாலடி தள்ளி ஒரு சூலமும் மஞ்சள் துணியும்.

வேனுக்குள் பேச்சு நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து வெள்ளையாக ஒன்று, முகம் மட்டும் தட்டு மாதிரி, சத்தமே இல்லாமல் கண்ணாடிக்கு முன்னால் மிதந்து போனது. போன திசையிலிருந்து ஒரு அலறல், கழுத்தை நெரித்த மாதிரி. மூன்றாவது வரிசையில் ஒரு அத்தை ‘முருகா முருகா’ என்று ஆரம்பித்தார். அத்தோடு எங்கிருந்தோ பாண்டான் இலை போட்டுச் சோறு ஆக்கின வாசம் வேறு. அந்தக் காட்டில் அந்நேரம் யார் சோறு ஆக்குவார்கள்?

எனக்கு மட்டும் பயமில்லை என்று சொன்னால் பொய். பிறகு விசாரித்ததில் தெரிந்தது. செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைகளை வளர்க்கிறார்கள். கம்பத்தின் மேல் பெட்டி கட்டி வைத்திருப்பார்கள், பகலில் நீங்களே பார்க்கலாம். வெள்ளை நெஞ்சு, தட்டு முகம், பறந்தால் சத்தம் வராது, கத்தினால் ஈரல்குலை நடுங்கும். மலாயில் ஆந்தைக்குப் பேரே பூரோங் ஹந்து, பேய்ப் பறவை. வாசம் மரநாயுடையது. மூசாங் பாண்டான் என்றே அதற்குப் பேர், உடம்பிலிருந்து அப்படி மணக்கும்.

வேன் நின்றதற்குக் காரணம் இன்னும் சின்னது. குழி சாலையில் குதித்துக் குதித்துப் பேட்டரிக் கம்பியின் பிடி தளர்ந்துவிட்டது. கையில் ஸ்பேனர் இல்லை. ஒரு மாமாவின் சிகரெட் பெட்டியை வாங்கி, உள்ளே இருந்த வெள்ளித் தாளை மடித்து, கம்பியின் பிடிக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் திணித்தேன். விளக்கு வந்தது. பெட்டியில் மிச்சமிருந்த சிகரெட்டில் ஒன்றைக் கொளுத்தித் தரச் சொல்லி, கூட வந்த பாட்டி ஒருவர் சூலத்தின் காலடியில் வைத்துவிட்டு வந்தார். பையனையும் தோப்புக்கரணம் போட வைத்தார். வேன் கிளம்பியது எதனால் என்று இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் சண்டை ஓயவில்லை.

நாங்கள் அன்று தப்பியது கூகையிடமிருந்து இல்லை. அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனதும் நடுத்தாரில் ஏழெட்டு மாடுகள் படுத்திருந்தன. பகல் சூடு தாரில் தங்கியிருக்கும், இரவில் அதைத் தேடி வந்து படுக்கும். கறுப்பு மாடு, கறுப்புத் தார். மாட்டைத் தாண்டினால் செம்பனைக் குலை ஏற்றின லோரி ஒன்று பின்விளக்கு இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பத்துப் பேரை வைத்துக்கொண்டு இந்தச் சாலையில் ராத்திரி போகாதீர்கள் என்று நான் சொல்வது அதற்காக.

இரண்டாம் நாள் தாப்பா வழியாகக் கேமரன் மலை. நெடுஞ்சாலையில் தாப்பாவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. பாட்டியை முன்சீட்டில் உட்கார வையுங்கள். பிள்ளைகளுக்கு வாயில் போட அசாம் பொய் என்கிற புளிப்பு உலர்பழம் வாங்கிக் கொடுங்கள், பிளாஸ்டிக் பையும் கையில் இருக்கட்டும். லாதா இஸ்கண்டார் அருவியில் ஒரு ஓய்வு. மலை ஏறினதும் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது, இது பேய் இல்லாமலே முடி சிலிர்க்க வைக்கும். ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், தாய்லாந்துப் பட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர், 1967 மார்ச் 26 மதியம் தானா ராத்தா பக்கத்து பங்களாவிலிருந்து நடக்கப் போனார். திரும்பவில்லை. பட்டாளம், போலீஸ், பூர்வகுடிகள் என்று நூற்றுக்கணக்கில் தேடினார்கள். ஒரு செருப்பு கூடக் கிடைக்கவில்லை. புலி என்றார்கள், கடத்தல் என்றார்கள், ஓராங் பூனியான் என்கிற கண்ணுக்குத் தெரியாத காட்டு மனிதர்கள் கூட்டிப் போனார்கள் என்றும் சொன்னார்கள். என் கருத்து கேட்டால், அந்தக் காட்டில் பாதையை விட்டுப் பத்தடி உள்ளே போய்ப் பாருங்கள், திரும்பி வர வழி தெரிகிறதா என்று. வேண்டாம், போகாதீர்கள்.

தேயிலைத் தோட்டத்தையும் பாருங்கள், போ தோட்டம் 1929இல் தொடங்கியது. மதியம் மூன்றுக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள், அதற்கு மேல் மூடுபனியும் மழையும் சேர்ந்துவிடும். பனியில் உயர்விளக்கைப் போடாதீர்கள், வெளிச்சம் திருப்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். அந்த வெள்ளைத் திரையில்தான் பலருக்குப் பல உருவம் தெரிகிறது. தாழ்விளக்கு போதும். இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து வராதீர்கள், கியரைக் குறைத்து இறக்குங்கள். கருகின வாசம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், வாசத்துக்குப் பேர் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

கடைசியாக வேன். நாலு காசு மிச்சமாகும் என்று ஆசைப்பட்டு, தெரிந்தவரின் சொந்த வேனைக் காசு கொடுத்து எடுக்காதீர்கள், விபத்து என்றால் காப்புறுதி கைவிரித்துவிடும். வாடகை உரிமம் உள்ள இடத்தில் எடுங்கள். சித்தப்பா ஓட்டப் போகிறார் என்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைச் சென்னையிலேயே எடுத்துவரச் சொல்லுங்கள். நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கு டச் என் கோ அட்டையில் காசு போட்டு வையுங்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதானால் நான்கையும் நசுக்கிவிட்டுக் கிளம்புங்கள், பாட்டிக்கு நிம்மதி. அதற்கு முன் ஒரு பத்தாம் எண் ஸ்பேனரைக் கதவு இடுக்கில் போட்டுவிட்டு, பேட்டரிப் பிடியைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.